எட்டில் ஒரு பங்கு

சிவக்கொழுந்தின் கிணறு அவளைத் தேடிக் காட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அடுப்பில் குரக்கன் கூழ் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அது ஏன் வந்தது, கடலை எப்படிக் கடந்தது, எந்த வழியால் வந்தது என்று அந்தக் குடியேற்றத்தில் ஒருவரும் பெரிதாக விசாரிக்கவில்லை. யானை வேலிக்குள் வருகிற இடத்தில், கரடி பாலைப்பழம் பொறுக்க வருகிற இடத்தில், காய்ச்சல் சொல்லாமல் கொள்ளாமல் வருகிற இடத்தில், வந்ததைப் பிடித்து ஏன் வந்தாய் என்று கேட்க யாருக்கு நேரம் இருந்தது? நல்ல தண்ணியோ, எவ்வளவு நேரம் நிற்குமோ என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தேவையானது அதுதான்.

வன்னியில் அரசாங்கம் காடு பிரித்துக் காணி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, தீவில் உவர்மண்ணைக் கொத்திக் கொத்தி அலுத்துப்போன தில்லையம்பலம் என்பவன், பெண்சாதி சிவக்கொழுந்தையும் ஒரு தகரப்பெட்டியையும் இரண்டு மண்வெட்டியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது, அவர்களுக்கென்று காட்டப்பட்ட மூன்று ஏக்கரில் நின்றது காடு. காட்டுக்குள் நின்றது இருட்டு. பெர்மிட் என்ற கடதாசியில் விதிகள் எழுதியிருந்தன. இரண்டு வருசத்துக்குள் ஒரு வீடு நிற்கவேண்டும், ஓர் ஏக்கராவது வெட்டி வெளியாக்கிப் பயிர் வைத்திருக்கவேண்டும், தண்ணீர் உள்ள கிணறு இருக்கவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் காணி அடுத்தவனுக்குப் போகும். அடுத்தவன் பட்டியலில் காத்துக்கொண்டிருந்தான், அவனும் பாவம்.

புறப்படும் நாளில் தீவில் ஒரு சண்டை நடந்தது. அந்த ஊரில் கிணறுகள் எல்லாம் உவர், பூவரசடிக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். அதில் எட்டுப் பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் எட்டு நாளைக்கு ஒருநாள் இறைப்பு முறை, அந்த ஒருநாள் கிணறு முழுக்க அவருடையது. ஏழாம் முறை மூத்தவள் அன்னமுத்துவுக்கு, எட்டாம் முறை இளையவள் சிவக்கொழுந்துக்கு என்று தகப்பன் சீதன உறுதிப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். போகிறவள் பங்கை எனக்கு எழுதித்தா, மிளகாய்த் தோட்டத்துக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் இறைக்கலாம் என்று மூத்தவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இளையவளுக்கு அன்றைக்கு நியாயம் கசந்தது.

"சீதனம் எண்டது கட்டினவளோடை வாறது," என்றாள் சிவக்கொழுந்து. "நான் தரமாட்டன்."

"அப்ப கொண்டு போ," என்றாள் அன்னமுத்து. "முந்தானையிலை முடிஞ்சு காட்டுக்குக் கொண்டு போ உன்ரை பங்கை."

தாய் இல்லாத வீட்டில் தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அப்படிச் சொன்னாள். சொன்னபடியே தங்கையும் உறுதியை மஞ்சள் துணியில் சுற்றித் தகரப்பெட்டியின் அடியில் வைத்தாள். படலையைத் திறக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு இருவருக்கும் இடையில் ஒரு கடிதம் கிடையாது, ஒரு சுகவிசாரிப்புக் கிடையாது.

முதல் வருசத்தில் இருவரும் சேர்ந்து முக்கால் ஏக்கர் வெட்டினார்கள். மார்கழி மழையோடு காய்ச்சல் வந்து தில்லையம்பலத்தைக் கொண்டுபோயிற்று. சுடலை என்று ஒன்று இன்னும் ஏற்படாத குடியேற்றம் அது. அவனை அவன் வெட்டிய முதிரைக் கட்டைகளாலேயே காணியின் தெற்கு மூலையில் எரித்தார்கள். அந்த இடத்தில் சிவக்கொழுந்து ஒரு தென்னம்பிள்ளையை வைத்தாள். ஊருக்குத் திரும்பிப் போ என்று சொன்னவர்களுக்கு, "அவரை விட்டிட்டு எங்கை போறது?" என்று மட்டும் சொன்னாள். மிச்சக் கால் ஏக்கரைத் தனியே வெட்டினாள், வேரைத் தோண்டி எரித்தாள், சாம்பலுக்குள் குரக்கன் விதைத்தாள், இலுக்குப்புல்லால் கூரை வேய்ந்தாள். பொழுதுபடும்போது முற்றத்தில் நின்று அன்றைக்குக் கிடைத்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்லுவது அவளுக்குப் பழக்கமாயிற்று. யானை வாழையோடு போயிற்று, குடிலைத் தொடவில்லை, நல்லது. பாம்பு காலடியில் போயிற்று, நான் மிதிக்கவில்லை, நல்லது. உள்ளங்கைக் கொப்புளம் உடைந்துவிட்டது, இனி அதில் நோ இராது, நல்லது. கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் விசர்த்தனமாகத்தான் இருந்திருக்கும்.

வீடு ஆயிற்று, வெளி ஆயிற்று, கிணறுதான் ஆகவில்லை. பக்கத்துக் காணி மாணிக்கன் நாற்பது நாள் வெட்டினான். அவன் பெண்சாதி வல்லியும் சிவக்கொழுந்தும் கடகம் கடகமாக மண் சுமந்தார்கள். இருபத்திரண்டு முழத்தில் கருங்கல் வந்தது, கல்லில் அலவாங்கு வளைந்தது, தண்ணீர் வரவில்லை. மாணிக்கன் மேலே ஏறி வந்து வளைந்த அலவாங்குக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது பங்குனி. சித்திரையில், முன்னே சொன்ன செவ்வாய்க்கிழமை, கூழைத் துழாவிக்கொண்டிருந்த சிவக்கொழுந்துக்குக் கிணற்றுத் துலாவின் கிறீச்சொலி கேட்டது. அந்தக் காட்டில் எவனிடமும் துலா இல்லை. அகப்பையோடு போய்ப் பார்த்தாள். மண் குழி இருந்த இடத்தில் முருகைக்கல் கட்டிய கிணறு நின்றது. விளிம்பில் கயிறு தேய்த்த தழும்பு, மேற்குப் பக்கத்தில் அவளும் தமக்கையும் அரிவாள் தீட்டித் தீட்டிக் குழி விழுத்திய கல், உள்ளே மூன்று ஆள் ஆழத்துக்குத் தெளிந்த தண்ணீர், அதன்மேல் பூவரசம் பூ இரண்டு. கிணறு என்றாலும் அதற்கும் இருக்க ஒரு குழி வேண்டும்தானே. குழி கிடைத்ததும் வந்துவிட்டது என்று அவள் எண்ணிக்கொண்டாள். பிறகு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். அன்றைக்கு எட்டாம் முறை.

கூழ் அடிப்பிடித்த மணத்துக்கு ஓடிவந்த வல்லி, கிணற்றைக் கண்டதும் பத்தடி தள்ளி நின்றுவிட்டாள். வெறுங்குழியாக இருந்தபோது அதற்குள் இறங்கி மண் அள்ளியவள்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஊர்களில், கல் கட்டிய கிணற்றின் கயிற்றை அவளுடைய ஆட்கள் தொடுவதில்லை. குடத்தை வைத்துவிட்டு, யாராவது வார்க்கும்வரை நிற்பார்கள். வல்லி குடத்தை வைத்தாள்.

"கொஞ்சம் வாருங்கோ நாச்சியார்," என்றாள்.

சிவக்கொழுந்து அவளுடைய கையைப் பார்த்தாள். நாற்பது நாள் மண் சுமந்த கை. பிறகு தன் கையைப் பார்த்தாள். ஊரில் இருந்திருந்தால் வார்த்திருப்பாள், அதைப் புண்ணியம் என்றும் நினைத்திருப்பாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வாளி உதிலை கிடக்கு, வல்லி. நீயே அள்ளு. நாச்சியாரும் கீச்சியாரும் லொறியோடை திரும்பிப் போட்டினம்."

வல்லி அள்ளினாள். முதல் வாளியைத் தான் குடிக்காமல் கொண்டுபோய்த் தென்னம்பிள்ளைக்கு ஊற்றினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முதல் வாளி தென்னைக்குத்தான் என்பது அந்தக் குடியேற்றத்தின் சட்டமாயிற்று. பொழுதுபடக் கிணறு போய்விட்டது, மண் குழி மிஞ்சியது. அடுத்து வந்தது புதன்கிழமை, அதற்கடுத்தது வியாழக்கிழமை. எட்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு கிழமை தள்ளி ஒரு கிழமை. சிவக்கொழுந்து மண்சுவரில் கரிக்கோடு போட்டு வைத்தாள். அந்த நாளில் நாற்பது குடும்பமும் குடம், கிடாரம், தகரப்பீப்பா என்று கிடைத்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தன. கலியாணப் பேச்சு அந்த நாளில், வழக்குத் தீர்ப்பது அந்த நாளில், பிள்ளைக்கு மொட்டை போடுவது அந்த நாளில் என்றாகி, கிழமைகளை மறந்து "கிணத்துக்கு முதல்நாள், கிணத்துக்கு மூண்டாம் நாள்" என்று நாள் சொல்லத் தொடங்கினார்கள்.

கதிர்காமத்தம்பி என்று ஒரு மனிதர், ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர், எல்லாரும் அந்தக் கிணற்றில் கைவைத்தால் கிணறு கோபித்துக்கொண்டு நின்றுவிடும் என்று எச்சரித்தார். அடுத்த எட்டாம் நாள் கிணறு வழக்கம்போல வந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்காமல், தன் பெட்டியைக் கிளறி ஓர் உறுதியை வெளியே எடுத்தார். அவருக்குப் பனங்காணி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. இருந்த காட்டில் பாதியை வெட்டி இடம் ஒதுக்கிவிட்டு, பனைகள் வரட்டும் என்று சாக்குக் கட்டிலில் படுத்திருந்தார். ஆசை யாரை விட்டது? பனை வரவில்லை. ஆனால் அவருடைய காணிதான் அந்த வருசம் எல்லாருக்கும் முதல் வெளியாயிற்று, அதிலே அவருக்கு நல்ல பேரும் கிடைத்தது.

ஊர்ச்செய்தி கொண்டுவந்தவன் லொறிக்கார நல்லதம்பி. அவன் பெண்சாதியின் ஊர் அதே தீவு.

"எட்டாம் நாளிலை அங்கை பூவரசடியிலை சேறுதான் கிடக்காம்," என்றான். "சிவக்கொழுந்து இறைக்கிறாள், அவளின்ரை முறை எண்டு சனம் தங்கடைபாட்டிலை போகுதுகள். கொக்கா அன்னமுத்து மட்டும் போறதில்லை. விடிஞ்சால் பொழுதுபட்டால் அந்தச் சேத்துக்கிணத்தடியிலைதான் நிக்கிறாவாம்."

"ஏசுறாளோ?"

"வாயே திறக்கிறதில்லையாம். எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிறாவாம்."

தங்கை போன பிறகு எட்டாம் நாளிலும் அன்னமுத்துவே இறைத்திருப்பாள், அது இப்போது இல்லை என்ற ஆத்திரத்தில் காவல் நிற்கிறாள் என்று சிவக்கொழுந்து நினைத்தாள். தமக்கையின் மௌனம் அவளுக்குத் தெரியாததா? ஏச்சுக்கு ஒரு முடிவு உண்டு, அவள் மௌனத்துக்குக் கிடையாது. அன்றைக்கு முற்றத்தில் நின்று நல்லது நல்லது என்று எண்ணும்போது, தண்ணீரைச் சொல்ல வந்த வாய் இடையில் நின்றுவிட்டது.

ஆடி மாதம் காணி அதிகாரி வருகிறார் என்று கடதாசி வந்தது. தேதியைச் சுவரிலிருந்த கரிக்கோட்டோடு வைத்துப் பார்த்தாள். அது ஏழாம் முறை. அவளுடைய கிணறு வர இன்னும் ஒருநாள் இருந்தது. அன்றைக்கு அது அன்னமுத்துவின் கிணறு.

ஒருநாள் தள்ளி வரச்சொல்லி எழுதிப் பார்த்தார்கள். அவருக்கு அந்த மாதம் பன்னிரண்டு குடியேற்றம் பார்க்க இருந்தது. சிவக்கொழுந்து இரண்டு நாள் தென்னம்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்து யோசித்தாள். சோளகக் காற்று அடிக்கிற காலம். தீவில் மிளகாய் பூவும் பிஞ்சுமாக நிற்கும், ஒரு முறை தவறினாலும் பிஞ்சு கொட்டும், அந்த மிளகாயில்தான் தமக்கை வீட்டில் வருசம் முழுக்க உலை ஏறும். ஒருநாள் கேட்கிறோம் என்றால் எதைக் கேட்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தான் கொடுக்க மறுத்ததையே போய்க் கேட்பது எப்படி என்றும் நினைத்தாள். கடைசியில் நல்லதம்பியின் லொறிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்காட்டைச் சொல்லு. ஆடி பதினாலு, உன்ரை முறை, அந்த ஒருநாள் எனக்கு வேணும். இல்லாட்டில் அவர் கிடக்கிற நிலம் போகுதாம் எண்டு சொல்லு." ஒரு போத்தல் காட்டுத்தேனையும் கொடுத்தாள். "தராட்டிலும் தேனைக் குடுத்திட்டு வா."

நல்லதம்பி போனான். பதின்மூன்று ஆயிற்று, லொறி திரும்பி வரவில்லை.

பதினாலாந் தேதி விடிய, சிவக்கொழுந்து குடிலைத் திறந்தபோது குழியைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். போன எட்டாம் நாளில் பிடித்துக் குடிப்பதற்குச் சேமித்த தண்ணீரை நாற்பது வீடும் கொண்டுவந்திருந்தது. முதல் குடத்தை ஊற்றியவர் கதிர்காமத்தம்பி. கடைசிக் குடம் வல்லியுடையது. ஊற்ற ஊற்றக் குழி குடித்தது, அடியில் ஒரு சாண் சேறு மட்டும் மிஞ்சியது. இனி நாளைவரைக்கும் அந்தக் குடியேற்றத்தில் குடிக்க ஒரு சொட்டு இல்லை.

"ஏனணை இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று சிவக்கொழுந்து அழுதாள்.

"அக்கா, நீங்கள் ஊருக்குப் போட்டால் எங்களுக்கு ஆர் கிணறு தாறது?" என்றாள் வல்லி. பிறகு அது சரியான விடை இல்லை என்று அவளுக்கே பட்டது. "கிணறு இல்லாட்டிலும் நீங்கள் போகக்கூடாது," என்று சேர்த்துச் சொன்னாள்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். பொல்லாத மனிதர் இல்லை. குடிலைப் பார்த்துத் தலையாட்டினார், வெளியை நடந்து அளந்தார், குரக்கன் கதிரைக் கசக்கிப் பார்த்து நல்ல விளைச்சல் என்றார். குழியை எட்டிப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். சுற்றி நின்ற வெறுங்குடங்களைப் பார்த்தார்.

"ஊத்திப் பாத்தனீங்களோ?" என்றார்.

சிவக்கொழுந்து சீதன உறுதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பாலைமர நிழலில் இருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "எட்டில் ஒரு பங்கு. வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருக்கு. அப்ப கிணறு வரத்தான் வேணும், அதிலை பிழையில்லை," என்றார். "எங்கடை வீட்டுக் கிணறும் பங்குக் கிணறுதான் பிள்ளை. ஆனால் நான் வந்த நாளிலை கண்ணாலை கண்டதைத்தான் எழுதலாம். நாளைக்கு வாற தண்ணியை இண்டைக்கு எழுதேலாது."

"ஓம் ஐயா."

"இண்டைக்கு ஆற்றை முறை?"

"எங்கடை அக்காவின்ரை."

"அவ என்னவாம்?"

"தெரியாது ஐயா. நாங்கள் கதைக்கிறேல்லை."

அவர் பேனாவைத் திறந்தார். அதன் மூடியைப் பின்னால் செருகி, மடியில் கடதாசியைச் சரிசெய்து, தேதியை எழுதினார். தேதியின் மை காயமுன் துலா கிறீச்சிட்டது.

ஈரக்கயிற்று மணம் வந்தது, பூவரச மணம் வந்தது, மண் குழி முருகைக்கல்லாயிற்று, தண்ணீர் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. அந்த உயரத்துக்கு அது எட்டாம் நாளில்கூட வந்ததில்லை. விடியத் தொட்டு ஒருவரும் இறைக்காமல் ஊறவிட்டால்தான் அப்படி நிற்கும். வழமையாகக் கிணறு கயிறு வாளி இல்லாமல் வெறுந்துலாவோடுதான் வரும், கயிறும் வாளியும் இங்கே உள்ளதுதான். அன்றைக்குக் கயிற்றில் ஒரு வாளி தொங்கியது. விளிம்பு நெளிந்த பித்தளை வாளி. சின்ன வயதில் சிவக்கொழுந்து கைதவற விட்டு நெளித்தது, அடி விழாமல் இருக்கத் தமக்கை தான்தான் விட்டேன் என்று சொன்னது.

அதிகாரி தன் கையாலேயே அள்ளிக் குடித்தார். அளவுநாடாவை இறக்கிப் பார்த்தார். "தண்ணீர் உண்டு, நல்லது," என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுதி முடிந்தும் கொஞ்சநேரம் கிணற்றடியிலேயே நின்றார். "கொக்காவோடை கதை பிள்ளை," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். சனம் குடங்களை நிரப்பிக்கொண்டு போயிற்று. முதல் வாளியை வல்லி தென்னைக்கு ஊற்றினாள்.

மறுநாள் எட்டாம் முறை. கிணறு வந்தபோது சிவக்கொழுந்து தனியே நின்றாள். இன்றைக்கு ஒருவரும் அள்ளவேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. முறை தவறி ஒன்பது நாளாகத் தண்ணீர் காணாத மிளகாய்ப் பிஞ்சு அவள் கண்ணுக்குள் நின்றது. கிணற்றைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று அவளுக்குத் தெரியாது, அதற்கு உறுதியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கல்லைப் பிடித்துக் குனிந்து, தண்ணீருக்குச் சொல்லுவதா தமக்கைக்குச் சொல்லுவதா என்று தெரியாமல், இரண்டு வருசமாகக் கூப்பிடாதவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா."

தண்ணீர் கொஞ்சம் ஆடியது.

"அக்கா, இண்டைக்கு நீ இறை. எனக்கு வேண்டாம். மிளகாய் காயப்போகுது."

கீழேயிருந்து, மிகக் கிட்டத்தில், படலையடியில் நின்று பேசுவது போல அன்னமுத்துவின் குரல் வந்தது.

"இப்பதான் குனிஞ்சு கூப்பிட மனம் வந்ததோடி உனக்கு? சித்திரையிலையிருந்து எட்டு நாளைக்கு ஒருக்கா நான் இந்தச் சேத்தை எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிறன். தண்ணி அங்கை போகுதெண்டால் சத்தமும் போகும், எப்பவாவது என்ரை பிள்ளை கூப்பிடுவாள் எண்டு."

சிவக்கொழுந்துக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாளிக்குச் சொல்லவேண்டும், பதினாலாந் தேதிக்குச் சொல்லவேண்டும், பங்கு தரமாட்டேன் என்று படலையைச் சாத்திய நாளுக்கு ஒன்று சொல்லவேண்டும். வீட்டு மனிசரிடம் நன்றி சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு அது. கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியோ அக்கா?" என்று கேட்டாள்.

"இனித்தான்," என்றாள் அன்னமுத்து. "தேன் நல்லாயிருந்தது."